நாலரை மணிக்குப் பூஜ்யம்

பதினேழாம் முகாமில் கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட அணைந்ததில்லை. முகாம்காரர்களுக்கு அதில் அப்படியொரு பெருமை. கடைசியில் குடியைக் கெடுத்ததும் அந்தப் பெருமைதான்.

கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட ஆண்டில், நாகப்பட்டினத்துப் பக்கத்து ஜனங்களை லாரியில் ஏற்றிவந்து பச்சைமலை அடிவாரத்தில் இறக்கினார்கள். கைரேகை எடுக்கவெல்லாம் யாருக்கும் நேரமில்லை. ஆளுக்கொரு கைப்பட்டை கட்டினார்கள். பட்டையைக் காட்டினால் குழாய் திறக்கும், சோற்றுக்கூடத்தில் தட்டு வரும், மருந்துப்பெட்டி மாத்திரை தள்ளும். ஒவ்வொரு முறையும் குழாய் பதிவேட்டைக் கேட்கும்: இந்த ஆள் இருக்கிறாரா? பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் ஆள் இருக்கிறார். இல்லையென்றால் குழாயடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஆள் இல்லை. முகாமின் எல்லாக் குழாய்களும் எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் இதைக் கேட்டன. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் தில்லைக்கரசி.

தில்லையும் அகதிதான். சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது வயது மகள் நித்திலாவோடு வந்து சேர்ந்தாள். விரல் வேகமாக ஓடும் என்பதால் அவளைப் பதிவாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கரன்ட் நிச்சயமில்லாத இடம். ஆண்கள் முறை போட்டு சோலார் தகடுகளைத் துடைத்தார்கள், பழைய லாரி பேட்டரிகளை வரிசையாகக் கோத்தார்கள். புயலடித்த மூன்று நாளும் நான்கு பேர் தகடுகளின் மேல் படுத்துக் கிடந்தார்கள். இரண்டேகால் வருஷத்தில் அந்தத் திரை ஒரு முறைகூடக் கறுக்கவில்லை.

அந்த இரண்டேகால் வருஷத்தில் முகாமில் முப்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். நாற்பத்தொரு பேர் புதிதாக வந்தார்கள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள், மற்றவர்கள் சேற்றில் நடந்து வந்தவர்கள். எல்லோரையும் தில்லை பதிந்தாள். யாராவது செத்தால் பட்டையைக் கத்தரித்து அதிகாரி வரும்வரை பதிவாளர் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி வரவேயில்லை. பெட்டி நிறைந்துகொண்டே போனது. ஒன்பதாவது பட்டை நித்திலாவுடையது. நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. 'இறந்தார்' என்ற சொல்லைத் தில்லையே தட்டினாள். அதைத் தட்ட முகாமில் வேறு ஆள் கிடையாது.

பெஞ்சமின் வந்தது ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில். பதிவு ஆணையத்து ஆள், முப்பது வயது இருக்கலாம், வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது. முகாமை மூடப்போகிறார்கள், இனி லாரிகள் வராது, நாளன்றைக்கு எல்லோரையும் மேட்டில் கட்டியிருக்கும் உயர்நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொன்னான். தில்லை மோர் கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே தன் லேப்டாப்பைத் திறந்தான்.

"மொத்தம் எத்தன பேரு மேடம்?"

"ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு."

"என்கிட்ட ஆயிரத்து நூத்தி அறுபதுன்னுல்ல இருக்கு."

"இந்த மாதிரி வித்தியாசத்த நானும் ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டுதான் இருக்கேன். கூட்டல் தப்பும்மா, சரிபாருங்கன்னு பதில் போட்டாங்க."

அவன் சிரிக்கவில்லை. "புதுசா வந்தவங்க யாராவது ஒருத்தர் பேரச் சொல்லுங்க."

கண்ணில் முதலில் பட்டது எழிலி. பத்து வயதுப் பெண். வாசலில் ஏதோ விதையை வைத்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவளும் அவள் தாய் பூமயிலும் வெள்ளத்தின் மூன்றாம் நாள் கைகோத்தபடி வந்தவர்கள். தில்லை அந்தப் பெயரைச் சொன்னாள். பெஞ்சமின் தட்டிப் பார்த்தான். "இல்ல," என்றான்.

"ஏன் இல்ல? இங்க வந்து பாருங்க." தில்லை தன் திரையில் தட்டினாள். எழிலி, வயது பத்து, இருக்கிறார்.

அவன் எழுந்துவந்து அவள் திரையைப் பார்த்தான். பிறகு ஏதோ ஒரு கட்டளையை அடித்தான். வந்த பதிலைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தான். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பயிற்சி எப்ப குடுத்தாங்க?"

"வந்த முதல் நாளு. ஒரு அம்மா வந்து காலையிலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க. நிஜப் பதிவேட்டுல கை வெக்காதீங்க, அதே பேர்ல தற்காலிகமா ஒரு நகல் போட்டு அதுல பழகுங்கன்னாங்க. பழகிட்டிருக்கும்போதே கரை ஒடஞ்சிடுச்சுன்னு சத்தம். அவங்க கெளம்பி ஓடிட்டாங்க. ஜனம் வந்து குமிஞ்சிருச்சு. நான் பதிய ஆரம்பிச்சிட்டேன்."

"நடுவுல ஒரு தடவகூட லாக் அவுட் பண்ணல?"

"எப்படிப் பண்றது தம்பி? குழாயெல்லாம் நின்னுபோயிடுமே."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தற்காலிக அட்டவணைன்னு ஒண்ணு இருக்குக்கா. நீங்க உள்ள நுழைஞ்சு உக்காந்திருக்கீங்கல்ல, அதுக்கு அமர்வுன்னு பேரு. அந்த அமர்வு இருக்கிற வரைக்கும்தான் அந்த அட்டவணையும் இருக்கும். நீங்க எந்திரிச்சா அதுவும் போயிடும், யாரும் அழிக்கவே வேணாம். வேற எங்கேர்ந்து பாத்தாலும் அது தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நிஜ அட்டவணையோட பேரையே அதுக்கும் வெச்சிட்டா, உங்க கண்ணுக்கு இதுதான் முன்னாடி நிக்கும். நிஜம் பின்னாடி மறஞ்சிடும். ரெண்டு வருஷமா நீங்க எழுதினது எல்லாம் முன்னாடி நின்னதுல."

"அப்ப நிஜத்துல?"

"மொத நாளு காலையில இருந்தது அப்படியே இருக்கு. ஒரு எழுத்து மாறல."

தில்லைக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. முதல் நாள் மாலையிலேயே பேட்டரி செத்துத் தொலைந்திருந்தால் தப்பு அன்றைக்கே வெளியே வந்திருக்கும். செத்துவிடக் கூடாதே என்று தகடுகளின் மேல் ஆள் படுத்துக் காத்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது. வந்தது சிரிப்பில்லை.

"அந்த நாப்பத்தொரு பேரையும் இப்ப நிஜத்துல ஏத்திடுங்க தம்பி."

"பதிவேட்ட போன மாசமே முத்திர வெச்சிட்டாங்கக்கா. இருக்கிற வரியில இடத்த மாத்தலாம். புது வரி சேக்க எனக்கும் அதிகாரம் இல்ல, எனக்கு மேல இருக்கிறவருக்கும் இல்ல. உயர்நகரத்து வாசல்ல பட்டையக் காட்டணும். வரி இல்லாதவங்கள உள்ள விட மாட்டாங்க."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. "என் பொண்ணு பேரப் போட்டுப் பாருங்க. நித்திலா."

அவன் தட்டினான். லேப்டாப்பை மெதுவாக அவள் பக்கம் திருப்பினான். நித்திலா, தாய் தில்லைக்கரசி, வயது பதினொன்று, இருக்கிறார்.

பதினொன்று! நிஜப் பதிவேட்டில் பிள்ளை இரண்டு வயது வளர்ந்திருந்தாள். தில்லை அந்த வரியை விரலால் தொட்டாள். பெஞ்சமின் வெளியே போய் நின்றுகொண்டான்.

அன்று மதியமே முகாமில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செத்த முப்பத்தெட்டுப் பேருக்கு உயர்நகரத்தில் வீடு இருக்கிறது. உயிரோடு நிற்கும் நாற்பத்தொரு பேருக்கு இல்லை. இதைக் கேட்டபின் என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பதிவாளர் மேஜைக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிக்குத்தான் போனது.

பெஞ்சமினிடம் தில்லையே கேட்டாள். அவன் லேப்டாப்பை மூடினான். "எனக்குப் பட்டையத்தான் சரிபாக்கச் சொல்லியிருக்காங்க," என்றான். "ஆளப் பாக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்ல."

அன்று மாலையும் மறுநாள் முழுக்கவும் தில்லை பட்டைகளைப் பங்கிட்டாள். அதைவிடக் கேவலமான வேலையை அவள் செய்ததில்லை. வயது, ஆணா பெண்ணா, எந்தக் குடும்பத்து வரி என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பட்டை மாறினால் உறவும் மாறும். முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக இருந்த இளைஞன் ஒருவன் ஐம்பது வயதுக்காரரின் பட்டையைக் கட்டிக்கொண்டு, அவருடைய விதவைக்குக் கணவனானான். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அவரு பேரச் சொல்லி யாரும் இவனைக் கூப்பிட வேணாம், அதுமட்டும் பாத்துக்குங்க," என்று அழுதாள். பிரசவத்தில் செத்த பெண்ணின் பட்டையை வாங்க மறுத்தவளிடம் நான்கு பேர் கெஞ்சி வாங்க வைத்தார்கள். சிங்காரமும் அவர் மனைவி அன்னபாக்கியமும் எழுபது தாண்டியவர்கள், புதிதாக வந்தவர்கள். எங்களுக்கு வேண்டாம், சின்னஞ்சிறுசுகளுக்குக் கொடு என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

பெட்டி காலியானபோது பூமயிலும் எழிலியும் மிச்சம் நின்றார்கள்.

"முப்பத்தேழுதான் இருந்துச்சு," என்றாள் தில்லை.

அது பொய். முப்பத்தெட்டாவது பட்டை அவள் இடுப்பில் முடிந்திருந்தது. கத்தரித்த நாளிலிருந்தே அதை அவள் பெட்டியில் போட்டதில்லை. இப்போது நிஜப் பதிவேட்டில் நித்திலா இருக்கிறாள். அந்த வரியை யாருக்கும் கொடுக்காவிட்டால் அவள் பாட்டுக்கு இருப்பாள், வருஷா வருஷம் வயது ஏறும், தில்லை வேண்டும்போது தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாய்க்கு அந்த ஆசை வரக்கூடாதா? வந்தது. ஒரு பொழுது முழுக்க அவள் அந்த ஆசையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். காலையில் எழிலி குழாயடியில் குனிந்து கால் கழுவுவதைப் பார்த்தாள். பட்டையை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பூமயிலிடம் நீட்டினாள்.

பூமயில் அதை உடனே வாங்கவில்லை. யாருடைய பட்டை என்று அவளுக்குத் தெரியும். மீன் கூடை சுமந்து உரம் ஏறிய உடம்பு அவளுக்கு, அழுகை எளிதில் வராது. அன்றைக்கும் வரவில்லை.

இரண்டு பேருக்கும் அந்தக் கணத்தில் ஒரே கணக்கு ஓடியது. இனி எழிலிதான் நித்திலா. நித்திலாவின் தாய் தில்லைக்கரசி. தில்லை தன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் சொந்தப் பட்டையைப் பூமயில் கட்டிக்கொண்டால், தாயும் மகளும் தாயும் மகளுமாகவே வாசலைத் தாண்டலாம். தில்லைக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும், முகாமில் இருந்து சமாளிக்கவும் அவளால்தான் முடியும். அவ்வளவு சுலபமான கணக்கு. தில்லை வாயைத் திறக்கவில்லை. தன் மணிக்கட்டைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படிச் செய்தோம் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

பெஞ்சமின் அன்று கம்ப்யூட்டரை மூடவில்லை. "மூட மறந்துட்டேன்னு எழுதிக்கறேன்," என்றான். "நான் மறந்தா மட்டும் போதாதுக்கா. குழாய் கேக்குறது கணக்குல வராது, ஒரு நாள் முழுக்க ஆளு யாரும் தட்டிக் கேக்காம இருந்தா சர்வரே அமர்வ வெட்டிடும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாச்சும் கேக்கணும். அமர்வு போனா அட்டவணை போயிடும். அட்டவணை போனா குழாய் தெறக்காது."

தில்லை பூமயிலை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தகடுகளைத் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, கூடத்தில் மிச்சமிருக்கும் அரிசிப் பெட்டியைத் திறப்பது. பிறகு ஒரு கேள்வி. "வேற எதையும் தொடாத. பேர அடி, இந்த நீளப் பொத்தான அமுக்கு. காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

பூமயில் ஒற்றை விரலால் எ, ழி, லி என்று தேடித்தேடி அடித்தாள். எழிலி, வயது பத்து, இருக்கிறார்.

"இதப் பாத்தா உங்களுக்கு அங்க தெரியுமாக்கா?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா அங்க பதிவு அலுவலகத்துல எனக்கு வேல போட்டிருக்காங்களாம், அங்க எந்தெந்த அமர்வு இருக்கு, கடைசியா கேள்வி கேட்டு எவ்வளவு நேரமாச்சுன்னு பட்டியல் வரும். நீ கேட்டதும் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்துடும்."

"அப்ப சாயங்காலம் நாலரைக்குக் கேக்குறேன். பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். அவளக் கூட்டியாந்து காட்டுங்க."

லாரி புறப்படும்போது பூமயில் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "வெளியில நாலு பேரு இருக்கிற எடத்துல இவங்கள அம்மான்னு கூப்புடு. வீட்டுக்குள்ள போயிக் கதவ சாத்திட்டா அத்தைன்னு கூப்புடு. மாத்திச் சொல்லிடாத, தெரிஞ்சுதா?" பெண் தலையாட்டினாள். பூமயில் எழுந்து தில்லையைத் தனியே நகர்த்திப் போனாள்.

"நீங்க நெனச்சது எனக்கும் தெரியும்க்கா. நானும் நெனச்சேன். ஆனா கேக்க மாட்டேன். கேட்டா நீங்க முடியாதுன்னுடுவீங்க. அப்பிடிச் சொன்னவுங்ககிட்ட நான் எப்பிடி என் புள்ளைய விட்டுட்டு இருக்கிறது?"

தில்லையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லாரி நகர்ந்தபோது சிங்காரம் மரத்தடியில் நின்று, ஊர் எல்லையில் விருந்தாளியை அனுப்புகிறவர் போலக் கையை ஆட்டினார்.

உயர்நகரத்து வாசலில் காவலன் எழிலியின் பட்டையை உரசிப் பார்த்துவிட்டு, "பேரென்ன பாப்பா?" என்றான். "நித்திலா," என்றாள். "யாரோட வந்த?" அவள் தில்லையின் கையைப் பிடித்தாள். "எங்கம்மா." தில்லை அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது அந்தச் சொல்லைக் கேட்டு. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை நினைத்து அவள் அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

தில்லைக்குப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் மாடியில் வேலை கிடைத்தது. அவள் செய்த முதல் காரியம் பூமயிலுக்காகப் புது வரி கேட்டு மனுப் போட்டதுதான். அப்படியொருவர் எந்த முகாமிலும் இருந்ததற்குப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கும் அதே பதில். வரி இல்லாதவருக்குத் தொலைபேசி வேலை செய்யாது. வரி உள்ளவர்கள் நகரத்தைவிட்டு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள்.

மிச்சமிருந்தது பட்டியலில் ஒரு வரி. அமர்வு நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு, பதினேழாம் முகாம், அதன் எதிரே வினாடிகளாக ஓடும் ஓர் எண். எழிலி பள்ளியிலிருந்து நேரே மூன்றாம் மாடிக்கு ஏறி வருவாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பாள். முப்பதாயிரத்துச் சொச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும் எண், நாலரை மணிக்குத் திடீரென்று பூஜ்யமாகும். சில நாள் இரண்டு நிமிஷம் முன்னே, சில நாள் பின்னே. உடனே அவள் பையைத் தூக்கிக்கொள்வாள். "போலாம்மா," என்பாள். பக்கத்து மேஜைக்காரர், பெண்ணுக்கு அம்மா மேல் எத்தனை பிரியம், தினமும் அழைத்துப்போக வந்துவிடுகிறாள் பாருங்கள் என்பார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவள் "அத்தை, இன்னைக்கு நாலு இருபத்தெட்டுக்கே வந்துடுச்சு, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பாள். பூமயிலின் சட்டத்தை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று தில்லைக்குத் தெரியும். ஐந்து மாதத்துக்கு. மலையடிவாரத்தில் கீரை கிடைக்கும், கிழங்கு கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறாம் மாதமும் பூஜ்யம் வந்தது. ஏழாம் மாதத்தில் காலைப் பூஜ்யம் பத்து மணிக்கு, பதினோரு மணிக்கு என்று தள்ளிப்போக ஆரம்பித்தது. மாலைப் பூஜ்யம் மட்டும் தவறவில்லை.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் எண் விழவில்லை. பத்துக்கும் விழவில்லை, பன்னிரண்டுக்கும் விழவில்லை. தில்லை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எழிலி நாலேகாலுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது, எண்பத்தைந்தாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது எண். பெண் அதைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு வினாடி என்று அவளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"காலையில வரலையா?"

"வரல."

"இப்ப வரும்," என்றாள் எழிலி.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எண்பத்தாறாயிரம் ஆனது. தில்லை தனக்குத் தெரிந்த தெய்வம் எதையும் விடாமல் வேண்டினாள். என் பட்டையை எடுத்துக்கொள், அவளை விடு என்று வேண்டினாள். அன்றைக்குச் சொல்லாததை எல்லாம் இப்போது சொன்னாள். எண்பத்தாறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை எண் ஏறியது. பிறகு அந்த வரி இல்லை. அதற்குக் கீழே இருந்த வரி மேலே நகர்ந்து, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

எழிலி என்ற பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அது. நித்திலா இறந்தாள் என்று எழுதப்பட்டிருந்த ஒரே இடமும் அதுதான்.

பெண் அழவில்லை. பக்கத்து மேஜைக்காரர் இருந்தார். அவள் ஸ்டூலைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள், பையைத் தூக்கிக்கொண்டாள். "போலாம்மா," என்றாள். படியில் இறங்கித் தெருவில் நடந்தார்கள். பேட்டரி போயிருக்கும், தகட்டில் தூசி படிந்திருக்கும், வெறும் லைன் கோளாறாகக்கூட இருக்கலாம் என்று சொல்ல வீட்டுக்குள் போகும்வரை பொறுத்திருக்க வேண்டுமே என்று தில்லை தவித்தாள். உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அந்தப் பொய்யைச் சொல்லத் திரும்பினாள்.

எழிலி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

"அம்மா," என்றாள், "பசிக்குது."